பத்து இருபதுக்கு அறுபடும் இணைப்பு

லிப்ட் மெக்கானிக்கின் லேப்டாப்பில் இணைப்பு அறுந்துபோவது எப்போதும் அவர் வாயைத் திறக்கிற நேரத்தில்தான். மற்ற நேரமெல்லாம் அது சமர்த்தாக இருந்தது. அக்கா பேசும்போது இருந்தது. தம்பி பேசும்போது இருந்தது. இருவரும் ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் பேசும்போதுகூட இரண்டு குரலும் கணீரென்று கேட்டன. "சரி, நீ என்ன சொல்றே?" என்று அக்கா இவரைக் கேட்டதுதான் தாமதம், ஒரு நிமிடத்துக்குள் இரண்டு முகங்களும் உறைந்து, திரை வெளுத்து, நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். முதல் ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது பத்து மணி இருபது நிமிடத்துக்கு. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பத்து இருபத்திரண்டுக்கு.

கூட்டம் அப்பாவைப் பற்றியது. அப்பாவுக்கு எண்பது வயது. அம்மா போய் ஆறு வருடம். பூங்காவுக்கு நடக்கப் போன இடத்தில், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் பழக்கமாகி, அவரைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போவதாக மூன்று பிள்ளைகளுக்கும் தனித்தனியாக ஒரே வாசகத்தில் செய்தி அனுப்பியிருந்தார். "சொல்ல ஏதேனும் இருப்பின் மூவரும் கலந்து பேசி ஒரே பதிலாகத் தெரிவிக்கவும்" என்று அடியில் ஒரு வரி. முப்பத்தெட்டு வருடம் அரசாங்க அலுவலகத்தில் கடிதப் பிரிவில் உட்கார்ந்திருந்தவர். கல்யாணச் செய்தியையும் அதே கையால்தான் எழுதினார்.

அக்கா எதிர்ப்பு. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலை போனாலும் குரல் போகவில்லை. வேறு நாட்டில் கப்பல் கம்பெனியில் இருக்கும் தம்பி ஆதரவு. தூரத்தில் இருக்கிறவனுக்கு எதையும் ஆதரிப்பது சுலபம் என்று அக்கா அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள். மிச்சம் இருந்தது நடுப்பிள்ளையான மெக்கானிக். அவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அதுதான் அந்த ஒரே பதில் என்று ஆகியிருந்தது. அது தெரிந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது ஞாயிறு முடிந்ததும் அக்கா போனில் கூப்பிட்டாள்.

"ஏண்டா, உன் முறை வந்தா மட்டும் போகுதா அது?"

"நிஜமா போயிடுச்சுக்கா. நான் ஒண்ணும் பண்ணல."

"சின்ன வயசுலயும் இப்படித்தான். கேள்வி கேட்டா உனக்கு ஒண்ணுக்கு வந்துடும்."

"அக்கா, எனக்கு அம்பத்திரண்டு வயசாச்சு."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

பழி என்றால் மெக்கானிக்குக்கு ஆகாது. இருபத்தெட்டு வருடமாகப் பிறர் வீட்டு லிப்டுகளைப் பழுது பார்க்கிறவர். அவரிடம் காரணமில்லாத கோளாறு என்று ஒன்று கிடையாது. ஒரு கட்டடத்தில் குறிப்பிட்ட ஒரு வக்கீல் ஏறினால் மட்டும் லிப்ட் கதவு மூட மறுத்தது. குடியிருந்தவர்கள் ஜாதகம் வரைக்கும் போய்விட்டார்கள். இவர் மூன்று நாள் வக்கீலோடு மேலும் கீழும் போய்வந்து, அவருடைய பையின் தொங்கும் வார் கதவோரத்துச் சின்ன சென்சார் கண்ணை மறைப்பதைக் கையும் களவுமாகப் பிடித்தார். வாரை இரண்டு விரற்கடை சுருக்கச் சொன்னார். அதோடு சரி.

ஆனால் லேப்டாப் வேறு ஜாதி. அது மகளுடையது. மேல்படிப்புக்கு விடுதிக்குப் போகும்போது புதிதாக ஒன்றை வாங்கிக்கொண்டு, பழையதை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள். போகும்போது, "இதுல எதையும் சேமிச்சு வைக்காதீங்கப்பா, இடமே இல்ல. என் ப்ராஜெக்ட் எல்லாம் உள்ள இருக்கு. எது வேணும்னாலும் இந்த ஹார்ட் டிஸ்க்ல போட்டுக்கோங்க" என்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்புப் பெட்டியைக் கொடுத்தாள். லேப்டாப்பில் விரலால் தேய்க்கிற பட்டை செத்து நாளாகியிருந்தது. மவுஸ் இல்லாமல் ஒரு வேலையும் ஆகாது. வயர் சொருகும் துளைகள் இரண்டில் ஒன்று உடைந்திருந்தது. இவையெல்லாம் அவர் பழகிக்கொண்ட சங்கடங்கள். அதனால் அவற்றை யாரிடமும் அவர் சொல்லவில்லை.

திங்கட்கிழமை இணையக் கம்பெனியின் உதவி மையத்தைக் கூப்பிட்டார். அங்கே பேசுகிறவர்கள் பெயரைச் சொல்வதில்லை, எண்ணைச் சொல்கிறார்கள். "வணக்கம் சார், நாப்பத்தொண்ணு பேசறேன்" என்றது ஒரு பெண் குரல்.

மெக்கானிக் நோட்டை விரித்து நடந்ததைத் தேதி, மணியோடு படித்தார். நாற்பத்தொன்று குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"மத்த நேரத்துல போகுதா சார்?"

"நேத்து சாயங்காலம் ஒரு மணி நேரம் ரயில் போற வீடியோ பாத்தேன். ஒரு இடத்துல கூட நிக்கல."

"ரயிலா சார்?"

"இணைப்பு."

ரூட்டரை அணைத்து முப்பது வரை எண்ணிவிட்டுப் போடச் சொன்னாள். எண்ணினார். லேப்டாப்பில் வைஃபையை மறந்துவிடச் சொல்லி, மறுபடியும் கடவுச்சொல்லைப் போடச் சொன்னாள். ரூட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். செருப்பு அலமாரிக்குள் என்றார். அதை வெளியே எடுத்து உயரமாக வைக்க முடியுமா என்று கேட்டாள். மெக்கானிக் அதைப் புத்தக அலமாரியின் உச்சியில் வைத்தார். கடைசியாக, சார்ஜ் மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று லேப்டாப் தானாகவே வைஃபையை அணைத்துவிடும் ஒரு அமைப்பு உண்டு, அதை எடுத்துவிடுங்கள் என்றாள். தேடிப்போய் எடுத்துவிட்டார்.

"இனிமே போகாது சார்."

"ஒரே நேரத்துல நாலு மாத்திட்டோம்மா. சரியாச்சுன்னா எதனால சரியாச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சரியாச்சுன்னா போதாதா சார்?"

மெக்கானிக்குக்கு அது போதாது. ஆனால் அவள் மனசு நோகக் கூடாதென்று போதும் என்று சொன்னார்.

மூன்றாவது ஞாயிறு. அக்கா இருபது நிமிடம் பேசினாள். வீடு, ஊர் வாய், அம்மா படம் மாட்டியிருக்கும் சுவர். தம்பி குறுக்கே புகுந்து, "அப்பா சாப்பிட்டாரா தூங்கினாரான்னு கேக்க வீட்டுல ஒரு ஆள் வேணும்கா" என்றான். பிறகு மெக்கானிக்கின் முறை வந்தது. அவர் தொண்டையைச் செருமினார். வட்டம் சுற்றியது. மணி பத்து இருபத்தொன்று.

அவர் பதறியடித்து மறுபடி உள்ளே போவதற்குள் அக்கா கூட்டத்தை முடித்திருந்தாள். தம்பி மட்டும் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். "அண்ணா, பேச இஷ்டம் இல்லன்னா சொல்லிடு. இப்படி வயரைப் பிடுங்க வேணாம்."

வயரே இல்லாத இணைப்பில் எந்த வயரைப் பிடுங்குவது என்று பதில் எழுதினார். எழுதியதை அனுப்பாமல் அழித்தார்.

கோளாறு லைனிலா லேப்டாப்பிலா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழிதான் இருந்தது; இடத்தை மாற்றுவது. புதன்கிழமை மத்தியானம் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்தது நர்ஸம்மா. மெக்கானிக் அவரை அதற்கு முன் ஒருமுறைதான், அதுவும் பூங்கா வாசலில், பார்த்திருந்தார். ஒல்லியான உருவம், குட்டையாக வெட்டிய நரைமுடி, சட்டைப்பையில் மூக்குக் கண்ணாடி. "வாங்க" என்று மட்டும் சொல்லி வழிவிட்டார்.

"எதுக்குடா வந்தே?" என்றார் அப்பா, மேசையிலிருந்து தலை தூக்காமல்.

"லேப்டாப்ல கனெக்ஷன் போயிப் போயி வருதுப்பா. இங்கயும் போகுதான்னு பாக்கணும்."

"பாரு."

அவர் சோபாவில் உட்கார்ந்து ரயில் வீடியோவைப் போட்டார். மேசையில் இருவரும் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. அரைமணி நேரம் ரயில் ஓடியது. இணைப்பு அறுபடவில்லை. நடுவில் நிமிர்ந்து பார்த்தபோதுதான் மெக்கானிக் அதைக் கவனித்தார். பேனா நர்ஸம்மாவின் கையில் இருந்தது.

அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குத்தான் அது என்னவென்று புரியும். குறுக்கெழுத்துக்கு உட்கார்ந்தால் அப்பா பேனாவை யாரிடமும் தந்ததில்லை. அம்மா விடை சொல்வாள், அப்பா எழுதுவார். அக்கா பள்ளியில் முதல் மாணவியாக வந்த வருடம்கூட ஒரு சொல் எழுதக் கேட்டு, கிடைக்காமல் அழுதிருக்கிறாள். இப்போது நர்ஸம்மா எழுதினார், அப்பா "அது 'ற'ம்மா, 'ர' இல்ல" என்றார், நர்ஸம்மா "எனக்குத் தெரியும், நீங்க கட்டத்தைப் பாருங்க" என்றார். அப்பா கட்டத்தைப் பார்த்தார்.

மெக்கானிக் கிளம்பும்போது நர்ஸம்மா வாசல் வரை வந்தார். "எப்பெப்ப போகுது அது?"

"நான் பேச ஆரம்பிக்கும்போது."

நர்ஸம்மா சிரிக்கவில்லை. "வலி எப்ப வருதுன்னு நோயாளியைக் கேட்டா எப்பவும் வருதுன்னுதான் சொல்லுவாங்க. அவங்க என்ன பண்ணும்போது வருதுன்னு அவங்களுக்கே தெரியாது. பக்கத்துல ஒருத்தர் உக்காந்து எழுதிக்கிட்டே இருந்தா ஒரே நாள்ல தெரிஞ்சிடும். வீட்டுல யாரையாவது எழுதச் சொல்லுங்க."

வீட்டில் இருந்தது மனைவி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் குப்பிகளின் மேல் பெயரும் நேரமும் எழுதி ஒட்டுவது அவளுக்கு வேலை. பதினாறு வருடத்தில் ஒரு குப்பி மாறியதில்லை. நான்காவது ஞாயிறன்று கேமராவில் விழாமல் ஒரு முக்காலியைப் போட்டுப் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டாள். "என்ன எழுதணும்?" என்று கேட்டாள். "நான் பண்ற எல்லாத்தையும்" என்றார் மெக்கானிக்.

அன்றைக்கும் பத்து இருபத்திரண்டுக்கு வட்டம் சுற்றியது. அக்கா அன்று போனில்கூடக் கூப்பிடவில்லை. அது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மனைவி காகிதத்தை நீட்டினாள்.

*10.03. காதைக் குடைந்தார்.*
*10.09. அக்கா அம்மாவைப் பற்றிச் சொன்னபோது தண்ணீர் குடித்தார்.*
*10.14. தம்பிக்குத் தலையாட்டினார்.*
*10.15. அக்காவுக்கும் தலையாட்டினார்.*
*10.21. முறை வந்தது. மவுஸைப் பிடுங்கினார். அந்தத் துளையில் கறுப்புப் பெட்டியைச் சொருகினார்.*
*10.22. போச்சு.*
*10.22. பெட்டியைப் பிடுங்கினார். மவுஸைச் சொருகினார்.*
*10.24. வந்தது.*

"பெட்டியை எதுக்குச் சொருகினீங்க?"

"என்ன பேசணும்னு அதுலதான எழுதி வச்சிருக்கேன். லேப்டாப்ல வைக்கக் கூடாதுன்னு பொண்ணு சொல்லியிருக்கா."

"பெட்டி உள்ள போனதும் போச்சு. வெளிய வந்ததும் வந்துடுச்சு."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? வைஃபை காத்துல வருது. பெட்டி வயர்ல தொங்குது."

"எனக்குத் தெரியாது. எழுதச் சொன்னீங்க, எழுதினேன்."

மெக்கானிக் ரயிலை ஓடவிட்டுப் பெட்டியைச் சொருகினார். ரயில் ஒரு பாலத்தின் நடுவில் நின்றது. பிடுங்கினார். சிறிது நேரத்தில் ரயில் பாலத்தைக் கடந்தது. மறுபடி சொருகினார். பதினொரு தடவை சொருகிப் பிடுங்கியதில் ஒன்பது தடவை ரயில் நின்றது. இணைப்பு அறுந்த ஒவ்வொரு ஞாயிறும், மறுபடி உள்ளே போக மவுஸ் வேண்டுமே என்று அவரே பெட்டியைப் பிடுங்கியிருக்கிறார். அதனால் அவர் தேட ஆரம்பிப்பதற்குள் குற்றவாளி மேசையிலேயே இல்லை. தனியாகச் சோதித்த நாட்களில் ரயில் பார்க்கப் பேச்சுக் குறிப்பு தேவைப்படவில்லை. பெட்டி இழுப்பறையிலேயே கிடந்திருக்கிறது.

உதவி மையத்தைக் கூப்பிட்டார். வேறு ஏதோ எண் எடுத்தது. நாற்பத்தொன்றுதான் வேண்டும் என்று பதினெட்டு நிமிடம் பாட்டு கேட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"ஆமா சார், அது தெரிஞ்ச விஷயம்தான்" என்றாள் நாற்பத்தொன்று. "வேகமான டிஸ்க் ஓடும்போது அந்த வயர், சொருகற இடம் எல்லாம் ஒரு இரைச்சல் கிளப்பும். நம்ம காதுக்குக் கேக்காது. உங்க லேப்டாப் வைஃபை பிடிக்கிற அலைவரிசையும் அதுவும் கிட்டத்தட்ட ஒண்ணு. பக்கத்துல இருந்தா வைஃபைக்கு ஒண்ணும் கேக்காது சார்."

"இதை ஏம்மா முதல்லயே சொல்லல?"

"நீங்க டிஸ்க் பத்தி சொல்லவே இல்லையே சார்."

அது நியாயம்தான். நீளமான நல்ல வயராக வாங்கி, பெட்டியைத் தள்ளி வைத்துப் பாருங்கள் என்றாள். அப்படியும் போனால் வேறு அலைவரிசைக்கு மாற வேண்டும்; ஆனால் அதைப் பிடிக்க அந்த லேப்டாப்புக்கு வயது அதிகம்.

மனைவி அடுப்படியிலிருந்து, "ஒரு பேப்பர்ல எழுதி வச்சுப் படிச்சா ஆகாதா?" என்று கேட்டாள்.

மெக்கானிக் நோட்டில் 'நீள வயர்' என்று குறித்துக்கொண்டார். மறுநாள் வேலை முடிந்து வரும்போது ஒன்றரை மீட்டர் வயர் வாங்கிவந்தார். பெட்டியை மேசையின் மறுகோடியில் வைத்துச் சொருகினார். ரயில் சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஐந்தாவது ஞாயிறு பத்து மணிக்கு அவரே முதல் ஆளாக உள்ளே போனார். அக்காவும் தம்பியும் வந்ததும், வேறு பேச்சுக்கு இடம் கொடுக்காமல், பதினொரு நிமிடம் நடந்ததை விளக்கினார். மனைவியின் காகிதத்தைக் கேமராவில் காட்டினார். பழைய மாதிரி பெட்டியைப் பக்கத்தில் சொருகி, அவர்கள் கண்ணெதிரே ஒருமுறை காணாமல் போய்த் திரும்பி வந்தார்.

தம்பி சிரித்து உருண்டான். "சாரிண்ணா. நான் வேற நினைச்சேன்."

"பக்கத்துல ஒருத்தரை உக்கார வச்சு எழுதச் சொன்னது யாரு? இந்த மாதிரி யோசனையெல்லாம் உனக்கு வராதே" என்றாள் அக்கா.

"நர்ஸம்மா."

அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சரி. முடிச்சிட்டியா? இப்ப சொல்லு. நீ என்ன சொல்றே?"

மெக்கானிக் நீள வயரில் பெட்டியைச் சொருகினார். எழுதி வைத்திருந்த பக்கம் தானாகத் திறந்தது. இணைப்பு அறுபடாமல் கல்லுப் போல இருந்தது. ஆதரவாக ஒன்பது காரணங்கள் எழுதியிருந்தார். எதிராக ஒன்பது. நான்கு வாரமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் உட்கார்ந்து, ஒரு பக்கம் ஒன்று கூடினால் மறுபக்கமும் ஒன்று சேர்த்திருந்தார். கடைசியில் எந்தப் பக்கம் என்று ஒரு வரி எங்கேயும் இல்லை. இது இத்தனை நாள் அவருக்கே தெரியாது. அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்த ஒவ்வொரு முறையும் நெஞ்சில் ஏதோ ஒன்று இலேசானது மட்டும் நினைவுக்கு வந்தது. 

"அக்கா" என்றார். "நான் முந்தின வாரம் புதன்கிழமை அப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். குறுக்கெழுத்துப் போட்டுட்டிருந்தாங்க ரெண்டு பேரும்."

"சரி."

"பேனா அவங்க கைல இருந்துச்சு."

தம்பி ஏதோ கேட்க வந்து நிறுத்திக்கொண்டான். அக்காவின் முகம் திரையில் அசையாமல் இருந்தது. கண் இமைக்கவில்லை. மெக்கானிக்கின் பார்வை தன்னால் கறுப்புப் பெட்டிக்குப் போனது. அது மேசைக் கோடியில் சின்ன நீல விளக்கோடு சும்மாதான் கிடந்தது.

"அக்கா, இருக்கியா? போயிடுச்சா?"

"இருக்கேண்டா." திரைக்கு இன்னும் கிட்டே வந்து, "அம்மா அலமாரி?" என்று கேட்டாள். தலைமையாசிரியைக் குரல் அதில் இல்லை.

"பூட்டித்தான் இருந்துச்சு. மேல தூசி படாம ஒரு துணி விரிச்சிருந்தாங்க. அது அப்பா பண்ணின வேலை இல்ல. அப்பா விரிச்சா கோணலா இருக்கும்."

"அதனால?"

"அதனால எனக்குச் சம்மதம்கா. உனக்குக் கோபம் வரும். எனக்கும் அம்மா படத்தைப் பாத்தா ஒரு மாதிரியாத்தான் இருக்கு. இருந்தாலும் சம்மதம்தான்."

ஒன்பது காரணங்களில் ஒன்றைக்கூட அவர் படிக்கவில்லை. பேசி முடித்ததும் பெட்டியைப் பிடுங்கி இழுப்பறையில் போட்டார். 

"சரின்னு நான் இன்னும் சொல்லல" என்றாள் அக்கா. "அந்தம்மாவை நான் நேர்ல பாக்கணும். நீ கூட்டிட்டுப் போ. உள்ள வராதே."

சனிக்கிழமை காலை அவளை வண்டியில் கூட்டிப்போனார். அப்பாவை வேண்டுமென்றே பூங்காவுக்கு அனுப்பியிருந்தார்கள். மெக்கானிக் மாடிப்படியில் உட்கார்ந்து, முதலில் அந்தக் கட்டடத்து லிப்டின் சத்தத்தைக் கேட்டார். எண்ணெய் பார்த்து ஆறு மாதமாவது ஆகியிருக்கும். பிறகு கேட்க வேறு ஒன்றுமில்லாமல், சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் ஒருமுறை அக்காவின் குரல் உயர்ந்தது. பிறகு இன்னொரு குரல், உயராமல், நீளமாக என்னவோ சொன்னது. 

கதவு திறந்தது. அக்கா வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். கண் சிவந்திருந்தது. இறங்க ஆரம்பித்தாள். மெக்கானிக் பின்னாலேயே ஒரு மாடி இறங்கினார்.

"நான் சொன்னதை மூணு தடவை தப்புன்னு சொன்னாங்க அந்தம்மா" என்றாள் அக்கா. "என் மூஞ்சிக்கு நேரா. முப்பது வருஷத்துல ஒரு டீச்சர் என்கிட்ட அப்படிப் பேசினதில்ல."

"ஐயோ. அப்புறம்?"

"ரெண்டு தடவை அவங்க சொன்னதுதான் சரி."

அவர்கள் இன்னொரு மாடி இறங்கினார்கள்.

"மூணாவது?" என்றார் மெக்கானிக்.

"அதை நான் ஒத்துக்கல" என்றாள் அக்கா. "அடுத்த வாரம் வந்து பேசிக்கிறேன்."